கொண்டு வருவது யார், கொண்டு போவது யார்?

உலக வங்கியின் புள்ளிவிவரம் வெளியாகும் ஒவ்வொரு முறையும் புதுதில்லியில் ஒரு பெருமிதப் பேச்சு கிளம்புகிறது. வெளிநாடுகளில் பணிபுரிவோர் தாயகத்திற்கு அனுப்பும் பணத்தில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்குத்தான் என்பது அதன் சாரம். தகவல் உண்மைதான். 2024-25 நிதியாண்டில் இவ்வாறு வந்து சேர்ந்த தொகை சுமார் 13,500 கோடி டாலர் என்கிறது ரிசர்வ் வங்கியின் கணக்கு. ஒன்றிய அமைச்சர்கள் இதைத் தங்கள் ஆட்சியின் சாதனைப் பட்டியலில் சேர்த்துக் கொள்கின்றனர். கடனை வாங்கித் தரகருக்குக் கொடுத்துவிட்டு ரியாத்துக்கோ துபாய்க்கோ விமானம் ஏறிய உத்தரப்பிரதேசத்துக் கொத்தனாரின் வியர்வை எப்படி ஆட்சியாளரின் சாதனையாகிறது என்று எந்த நாளேடும் கேட்பதில்லை.

அதே ரிசர்வ் வங்கி மாதந்தோறும் இன்னொரு கணக்கையும் வெளியிடுகிறது. அதைப் பற்றி எந்த அமைச்சரும் மேடையில் பேசுவதில்லை. இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பிய பணத்தின் கணக்கு அது. 2024-25இல் அத்தொகை சுமார் 2,950 கோடி டாலர். உள்ளே வந்த ஒவ்வொரு நூறு டாலருக்கும் ஏறத்தாழ இருபத்திரண்டு டாலர் இந்த ஒரு வாசல் வழியாக மட்டும் வெளியேறியிருக்கிறது. வெளிநாட்டில் குடியேறிவிட்டவர்கள் இங்குள்ள தங்கள் சொத்துகளை விற்றுக் கொண்டு போகும் பணம் இதில் சேராது. அதற்குத் தனி வாசல் இருக்கிறது.

வெளிநாட்டில் வாழும் இந்தியர் தாயகத்திலுள்ள பணத்தை அங்குள்ள தமது வங்கிக் கணக்குக்கு மாற்றுவது எப்படி என்பது இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. பட்டயக் கணக்காளர்கள், செல்வ மேலாண்மை நிறுவனங்கள், தனியார் வங்கிகளின் சிறப்புப் பிரிவுகள் என ஒரு பெரும் கூட்டமே இதற்கு ஆலோசனை வழங்கிக் கட்டணம் பெறுகிறது. வருமான வரித் துறைக்கான படிவம், அதனுடன் கணக்காளரின் சான்றிதழ், வங்கியில் ஏ2 விண்ணப்பம்: இவ்வளவுதான் தடைகள். இதை வெறும் நடைமுறைச் சிக்கலாகவும், தனிமனிதரின் வசதிக் கேள்வியாகவும் மட்டுமே வணிக ஏடுகள் எழுதுகின்றன. இதற்குள் இருக்கும் வர்க்கக் கேள்வியை எழுப்ப வேண்டிய கடமை இடதுசாரிகளுடையது.

ஏணி கட்டப்பட்ட விதம்

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், அனுமதியின்றி அந்நியச் செலாவணியை வெளியே கொண்டு செல்வதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கருதியது. அந்தச் சட்டம் ஊழலுக்கு இடம் கொடுத்தது, அதிகாரிகளின் கெடுபிடிக்கு உதவியது என்ற குறைகளில் உண்மை உண்டு. ஆனால் அதன் அடிப்படை நியாயமானது: ஏழை நாட்டின் டாலர் கையிருப்பு முதலில் எரிபொருளுக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் உரியது. 1999இல் நிறைவேற்றப்பட்டு 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஃபெமா சட்டம் இந்தப் பார்வையைத் தலைகீழாக்கியது. ஒழுங்குமுறை என்ற சொல் போய் நிர்வாகம் என்ற சொல் வந்தது. சிறைக்குப் பதிலாக, மீறிய தொகையின் மும்மடங்கு வரை அபராதம் என்றானது.

அடுத்து, 2004 பிப்ரவரியில், வாஜ்பாய் ஆட்சியின் கடைசி மாதங்களில், எல்ஆர்எஸ் எனப்படும் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் வந்தது. தொடக்க வரம்பு ஒருவருக்கு ஆண்டுக்கு 25,000 டாலர். அந்த முதல் நிதியாண்டில் இத்திட்டத்தின் கீழ் நாடு முழுவதிலிருந்தும் வெளியேறிய மொத்தத் தொகை ஒரு கோடி டாலரைக்கூட எட்டவில்லை.

2006 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் மூலதனக் கணக்கில் ரூபாயின் முழு மாற்றுத்தன்மையை நோக்கிச் செல்லப் போவதாக அறிவித்தார். இடதுசாரிக் கட்சிகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. 1997இல் தாராப்பூர் குழு முழு மாற்றுத்தன்மைக்குப் பரிந்துரைத்த சில வாரங்களிலேயே தாய்லாந்தின் நாணயம் சரிந்து தென்கிழக்கு ஆசியா முழுவதும் நெருக்கடியில் மூழ்கியது. அதை நினைவில் கொண்டவர்களுக்கு இந்த எதிர்ப்பின் பொருள் விளங்கும். முழு மாற்றுத்தன்மை வரவில்லை. ஆனால் முன்வாசலில் நிறுத்தப்பட்டது பின்வாசலில் நுழைந்தது. 2006ஆம் ஆண்டின் இரண்டாம் தாராப்பூர் குழு தனிநபர் வரம்பைப் படிப்படியாக 2 லட்சம் டாலர் வரை உயர்த்தப் பரிந்துரைத்தது. 2006 டிசம்பரில் 50,000 டாலர், 2007 மே மாதத்தில் ஒரு லட்சம், அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு லட்சம் என, பல ஆண்டுகளில் ஏற வேண்டிய படிகள் பத்தே மாதங்களில் ஏறி முடிக்கப்பட்டன. நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாகூடத் தேவைப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளே போதுமானவையாக இருந்தன.

2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்தபோது வரம்பு ஒரே நாளில் 2 லட்சத்திலிருந்து 75,000 டாலராகக் குறைக்கப்பட்டது. மோடி அரசு பதவியேற்ற அடுத்த வாரமே, 2014 ஜூன் தொடக்கத்தில், 1,25,000 டாலராக உயர்ந்தது. 2015 பிப்ரவரி 3 அன்று 2,50,000 டாலர் என அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு வந்து இருபத்தைந்து நாட்களில், பிப்ரவரி 28 அன்று, அருண் ஜெட்லி தமது பட்ஜெட் உரையில் 1957 முதல் இருந்துவந்த செல்வ வரியை ஒழித்தார். பதிலாக அதிக வருமானக்காரர்கள் மீது 2 சதவீதக் கூடுதல் வரி போட்டதாகச் சமாதானம் சொல்லப்பட்டது. அது வருமானத்தின் மீதான வரி. குவிந்து கிடக்கும் சொத்தை அது தொடுவதே இல்லை. சொத்துக்கு வரி இல்லை, சொத்தை டாலராக மாற்றி எடுத்துப் போக இரண்டரை லட்சம் வரை தடையும் இல்லை: இரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தன.

அதன் பிறகு நடந்ததை எண்கள் சொல்லும். 2013-14இல் சுமார் 110 கோடி டாலராக இருந்த வெளியேற்றம் 2023-24இல் சுமார் 3,170 கோடி டாலரானது. வெளிநாட்டுப் பயணச் செலவு உள்ளிட்டவை 2015இல் இதே வரம்புக்குள் கொண்டுவரப்பட்டதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பயணத்துக்கு மட்டும் 2023-24இல் சுமார் 1,700 கோடி டாலர் போயிருக்கிறது. அதை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சுவது பத்தாண்டுகளுக்கு முந்தைய தொகையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். 'அன்பளிப்பு' என்ற தலைப்பிலும் 'நெருங்கிய உறவினர் பராமரிப்பு' என்ற தலைப்பிலும் சேர்த்து சுமார் 800 கோடி டாலர் அந்த ஓராண்டில் சென்றுள்ளது. அமெரிக்காவில் வீடு வாங்கும் மகனுக்கு ஹைதராபாத்திலிருந்தோ அகமதாபாத்திலிருந்தோ பெற்றோர் அனுப்பும் பணம் பெரும்பாலும் இந்தத் தலைப்புகளில்தான் பதிவாகிறது.

இந்த வரம்பு குடும்பத்துக்கு அல்ல, ஆளுக்கு. பள்ளிக்குப் போகும் குழந்தைக்கும் உண்டு. தந்தை, தாய், இரண்டு பிள்ளைகள் கொண்ட வீடு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் அனுப்பலாம். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே எட்டரைக் கோடி ரூபாய். 2023-24இல் இத்திட்டத்தில் வெளியேறிய மொத்தத் தொகையை அன்றைய மதிப்பில் ரூபாயாக்கினால் 2.6 லட்சம் கோடிக்கு மேல் வரும். அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்திற்கு ஒதுக்கப்பட்டது 86,000 கோடி. கிராமப்புற ஏழைகள் அத்தனை பேரின் வேலைக்கும் நாடு ஒதுக்கிய தொகையைப் போல மூன்று மடங்கை, வசதி படைத்த ஒரு சிறு பகுதியினர் வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கின்றனர். நூறு நாள் வேலைக்குக் கூலி பாக்கி வைத்த அரசு 'நிதிச்சுமை' என்று சொன்னதும் இதே ஆண்டுகளில்தான்.

நிலம் டாலராகும் வழி

இனி அந்தத் தனி வாசல். வெளிநாட்டில் குடியேறியவருக்கு இந்தியாவில் இரண்டு வகையான ரூபாய்க் கணக்குகள் உண்டு. அங்கே சம்பாதித்து இங்கே அனுப்பிய பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. அதை எப்போது வேண்டுமானாலும் முழுமையாகத் திருப்பிக் கொண்டு போகலாம். வட்டிக்கு இங்கே வருமான வரியும் இல்லை. அது அவர் வெளியிலிருந்து கொண்டு வந்த டாலர் என்பதால், திரும்ப எடுத்துச் செல்வதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. இன்னொன்று என்ஆர்ஓ கணக்கு. வாடகை, பங்கு ஈவுத்தொகை, பரம்பரைச் சொத்தை விற்ற பணம் என இந்த மண்ணில் விளைந்த வருவாய் சேரும் இடம் அது. இதிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளியே எடுக்கலாம். கணவன், மனைவி இருவர் என்றால் இருபது லட்சம்.

பஞ்சாபின் தோவாபா, குஜராத்தின் சரோத்தர், ஆந்திரத்தின் கிருஷ்ணா-கோதாவரிக் கழிமுகம் ஆகிய பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம். தலைமுறை தலைமுறையாக வெளிநாடு சென்ற நிலவுடைமைக் குடும்பங்களுக்குப் பெயர் பெற்ற வட்டாரங்கள் இவை. வெளிநாடுவாழ் இந்தியர் விளைநிலம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் வாரிசாகப் பெற்றதை வைத்துக்கொள்ளலாம், இங்குள்ளவருக்கு விற்கலாம். வான்கூவரிலோ நியூ ஜெர்சியிலோ வாழும் வாரிசு அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். உழுவது, கடன் வாங்கி உரம் போடுவது, வெள்ளத்தில் பயிரை இழப்பது எல்லாம் பெயரில்லாக் குத்தகை விவசாயி. பதிவு இல்லாததால் அவருக்குப் பயிர்க்காப்பீடும் இல்லை, கூட்டுறவுக் கடனும் எளிதில் கிடைப்பதில்லை. ஒருநாள் நிலம் விற்கப்படுகிறது.

வாரிசுரிமையில் வந்த சொத்துக்கான எஸ்டேட் வரி 1985லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே நிலம் கைமாறியபோது வரி இல்லை. ஊரக விளைநிலம் வருமான வரிச் சட்டத்தின்படி மூலதனச் சொத்தே அல்ல. ஆகவே விற்ற லாபத்துக்கும் வரி இல்லை. விற்ற பணம் என்ஆர்ஓ கணக்குக்கு வந்து, கணக்காளரின் சான்றிதழோடு டாலராகி வெளியேறுகிறது. ஒரு நூற்றாண்டு காலம் பல குடும்பங்களின் உழைப்பை உண்ட நிலத்தின் மதிப்பு, ஒரு ரூபாய் வரிகூடச் செலுத்தாமல் நாட்டைவிட்டுப் போய்விட முடியும். இதில் சட்டமீறல் ஏதும் இல்லை. சட்டமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தாதாபாய் நவ்ரோஜி 1901இல் வெளியிட்ட நூலில் செல்வ வடிகால் என்று எதைக் குறிப்பிட்டார்? ஆங்கில அதிகாரிகள் இந்தியாவில் பெற்ற சம்பளமும் ஓய்வூதியமும் சேமிப்பும் இங்கிலாந்துக்குப் போய்ச் சேருவது அவரது கணக்கின் முக்கியப் பகுதி. இங்கே விளைந்தது இங்கே செலவாகாமல், இங்கே முதலீடாகாமல் போவதால் வறுமை பெருகுகிறது என்பது அவர் வாதம். அன்று வடிகாலை வெட்டியது அந்நிய ஆட்சி. இன்றைய கால்வாய் சுதந்திர இந்தியாவின் அரசு தன் கையால் வெட்டியது. இரண்டையும் ஒன்றெனச் சொல்வது மிகையாகும். ஆனால் பொருளாதாரத்தில் அதன் விளைவைக் கணக்கிட நவ்ரோஜியின் அளவுகோல் இன்றும் பயன்படும்.

ரூபாய் அவருடையது, டாலர் யாருடையது?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். நடுத்தர வர்க்கத்தில் பலரும், சில நேரங்களில் கட்சி ஆதரவாளர்களும்கூட, இதை நியாயம் என்றே நம்புகின்றனர். 'என் பணம், நான் வரி கட்டிச் சேர்த்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்பதில் அரசுக்கு என்ன வேலை?' என்பது அந்த மறுப்பு.

ஒருவர் வரி கட்டிச் சேர்த்தது ரூபாய். அந்த ரூபாய் அவருடையது என்பதில் தகராறு இல்லை. இந்தியாவில் அதை வைத்து அவர் எதையும் வாங்கலாம். ஆனால் வெளிநாட்டு வங்கியில் அவர் கணக்கில் ஏற வேண்டியது டாலர். டாலரை இந்தியா அச்சடிப்பதில்லை. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலாளியும், கொல்லம் முந்திரி ஆலையின் பெண்ணும், மென்பொருள் நிறுவனத்தில் இரவுப்பணி பார்க்கும் இளைஞரும், குவைத்தில் கம்பி கட்டுபவரும் சம்பாதித்துக் கொண்டு வந்தது அது. சரக்கு வணிகத்தில் இந்தியாவின் பற்றாக்குறை 2023-24இல் மட்டும் சுமார் 24,000 கோடி டாலர். அந்தப் பள்ளத்தில் ஏறத்தாழப் பாதியைத் தூர்த்தது வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம். மீதியின் ஒரு பகுதியைச் சேவை ஏற்றுமதி நிரப்புகிறது. அதன் பிறகும் மிஞ்சுவதை அந்நிய மூலதனத்தை அழைத்து, அதற்குச் சலுகை கொடுத்து, அதன் கட்டளைக்குப் பணிந்துதான் நாடு சமாளிக்கிறது. அப்படியிருக்க, ஒருவர் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து இரண்டரை லட்சம் டாலர் கேட்கும்போது, சமூகம் முழுவதும் சேர்ந்து ஈட்டிய அரிய பண்டம் ஒன்றின் மீது அவர் உரிமை கோருகிறார். அந்த உரிமைக்கு வரம்பு வைப்பது எந்த ஜனநாயக அரசுக்கும் உள்ள அதிகாரம்.

இன்னொரு மறுப்பும் உண்டு. நாட்டுக்கு வரும் பணம் வளைகுடாத் தொழிலாளியுடையது மட்டும் அல்ல என்பார்கள். சரிதான். ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வின்படி அமெரிக்காவின் பங்கு 27.7 சதவீதம், வளைகுடா நாடுகள் அனைத்தின் பங்கும் சேர்ந்து 38 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பொறியாளரும் லண்டனின் செவிலியரும் பெற்றோருக்கு அனுப்பும் பணமும் உழைப்பின் பணமே. கேள்வி பாஸ்போர்ட்டைப் பற்றியதோ நாட்டைப் பற்றியதோ அல்ல. கூலியாகச் சம்பாதித்துக் குடும்பத்துக்கு அனுப்பும் பணமும், சொத்தாகக் குவித்துப் பாதுகாப்பு தேடிப் பறக்கும் பணமும் ஒரே வகையானவை அல்ல என்பதே இங்கு சொல்லப்படுவது.

1990-91இன் அனுபவம் இதை வெளிச்சமாக்கியது. குவைத் மீது இராக் படையெடுத்து, எண்ணெய் விலை உயர்ந்து, நாட்டின் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோது, வெளிநாடுவாழ் இந்தியரின் அந்நியச் செலாவணி வைப்புத்தொகைகள் கொத்துக்கொத்தாக வெளியேறின. உயர்ந்த வட்டியும், நாணய மதிப்புச் சரிவின் இழப்பை அரசே ஏற்கும் உத்தரவாதமும் கொடுத்து வரவழைத்த பணம் அது. மழை வருமுன் குடையோடு அது கிளம்பிவிட்டது. 1991 ஜூலையில் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைக்க வேண்டிய நிலைக்கு நாடு வந்தது. தொழிலாளி அனுப்பிய பணத்தால் அப்படி ஓட முடியாது. அது வந்த அன்றே அரிசியாகவும், பள்ளிக் கட்டணமாகவும், அம்மாவின் மருந்தாகவும் மாறிவிடுகிறது.

2013இலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. சரியும் ரூபாயைத் தாங்க, வெளிநாடுவாழ் இந்தியரின் டாலர் வைப்புகளை ஈர்க்கும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சந்தை விலையைவிட மிகக் குறைவாக, ஆண்டுக்கு 3.5 சதவீதத்தில், மாற்றுறுதி அளித்தது. சுமார் 2,600 கோடி டாலர் வந்தது. வந்ததில் பெரும்பகுதி சேமிப்பு அல்ல. செல்வந்த வாடிக்கையாளருக்கு வெளிநாட்டு வங்கிகளே கடன் கொடுத்து, அதையே இங்கு வைப்பாகப் போடச் செய்து லாபம் பார்த்தன. அந்தச் சலுகையின் சுமையைத் தாங்கியது இந்தியப் பொதுப்பணம்.

கொண்டு வருபவருக்குக் கிடைத்தது

பணத்தைக் கொண்டு போகிறவருக்கு இவ்வளவு வசதி. கொண்டு வருகிறவருக்கு என்ன கிடைத்தது? வளைகுடா நாடுகளில் ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர் வாழ்கின்றனர். அவர்களுக்காக இந்திய அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை, பெருந்தொற்றில் வேலையும் சம்பள பாக்கியும் இழந்து ஆயிரக்கணக்கானோர் திரும்பிக்கொண்டிருந்த 2020 செப்டம்பரில், ஒன்றிய அரசே 30 முதல் 50 சதவீதம் வரை வெட்டியது. அந்நிய முதலாளி கேட்பதற்கு முன்பே தன் குடிமக்களின் கூலியைக் குறைத்த அரசு என்ற பெருமை இந்த ஆட்சிக்கு உண்டு. எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் வரை போன பிறகு 2021இல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. புலம்பெயர் தொழிலாளரின் ஓய்வூதியத்துக்காகவும் காப்பீட்டுக்காகவும் 2012இல் தொடங்கிய மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா திட்டம் 2017இல் மூடப்பட்டது. வெளிநாடுவாழ் இந்தியர் விவகார அமைச்சகமே 2016இல் வெளியுறவு அமைச்சகத்தில் கரைக்கப்பட்டுவிட்டது. கேரளத்தில் மாநில அரசின் நல வாரியம் திரும்பி வந்தவர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது. டாலரின் பயனை முழுதாக அனுபவிக்கும் ஒன்றிய அரசிடம் அதற்கு இணையான ஒன்றும் இல்லை.

2024 ஜூனில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தது. 45 இந்தியத் தொழிலாளரின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அதுவரை ஒரே கட்டடத்தில் எத்தனை பேர் அடைக்கப்பட்டிருந்தனர் என்று தூதரகம் எப்போதாவது கேட்டதா?

அனுப்பும்போதும் பிடுங்கல் உண்டு. 200 டாலர் அனுப்ப உலக அளவில் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்கிறது உலக வங்கி. 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது ஐநாவின் இலக்கு. வெளியே தெரியும் கட்டணம் சிறியது. நாணய மாற்று விகிதத்தில் ஒளித்து வைத்திருக்கும் வெட்டு பெரியது. அமெரிக்காவிலோ டிரம்ப் நிர்வாகம் ரொக்கமாக வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின் மீது 2026 ஜனவரி முதல் ஒரு சதவீத வரி போட்டுள்ளது. முதலில் முன்மொழிந்தது 5 சதவீதம். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புகிறவருக்கு இந்த வரி இல்லை. கணக்கில்லாத ஏழைப் புலம்பெயர்ந்தவரே அடிபடுகிறார்.

மேல்தட்டின் குரலுக்கு அரசு எப்படிச் செவிசாய்க்கிறது என்பதற்கு 2023 கோடை ஒரு பாடம். மே 16 அன்று சர்வதேசக் கடன் அட்டைச் செலவையும் எல்ஆர்எஸ் வரம்புக்குள் கொண்டுவரும் அறிவிக்கை வந்தது. வணிகத் தொலைக்காட்சிகளில் கூச்சல் எழுந்தது. மூன்றே நாளில் 7 லட்சம் ரூபாய் வரை விலக்கு என்று விளக்கம் வந்தது. ஜூன் 28 அன்று மொத்தமாகத் தள்ளிவைக்கப்பட்டது. ஆறு வாரங்கள்! தில்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் ஓராண்டுக்கு மேல் அமர்ந்திருந்த விவசாயிகளுக்குச் செவிசாய்க்க எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை வாசகர்கள் அறிவர்.

அரசு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: வெளியே அனுப்புவோரிடம் 20 சதவீதம் வரை மூலத்திலேயே வசூலிக்கிறோமே என்கிறது. வசூலிக்கப்படுவது முன்பணம் மட்டுமே. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். அதன் உச்சவரம்பும் 2025 பட்ஜெட்டில் 7 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தப்பட்டுவிட்டது. இது யாரையும் தடுக்கவில்லை.

இவையெல்லாம் சட்டபூர்வமான சிறு வாசல்கள் மட்டுமே என்பதையும் மறந்துவிடக் கூடாது. இல்லாத இறக்குமதிக்கு முன்பணம் என்ற பெயரில் தில்லியில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையிலிருந்து சுமார் 6,000 கோடி ரூபாய் ஹாங்காங்குக்கு அனுப்பப்பட்டதாக 2015இல் வழக்குப் பதிவானது. கவனத்தில் படாதிருக்க ஒவ்வொரு தவணையும் ஒரு லட்சம் டாலருக்குக் கீழே வைக்கப்பட்டதாகப் புலனாய்வு அமைப்புகள் கூறின. அரசு வங்கிகளுக்குப் பல்லாயிரம் கோடி பாக்கி வைத்து 2016இல் லண்டன் போன விஜய் மல்லையா, நீதிமன்ற உத்தரவை மீறி 4 கோடி டாலரைத் தம் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றியதற்காக உச்சநீதிமன்றம் 2022இல் விதித்தது நான்கு மாதச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும். கறுப்புப் பணத்தை மீட்டு ஒவ்வொருவர் கணக்கிலும் போடுவதாக முழங்கியவர்கள் 2015இல் திறந்த தகவல் சாளரத்தில் தாமாக முன்வந்தவர்கள் சுமார் 650 பேர்; அறிவித்த தொகை 4,100 கோடி ரூபாய் அளவு. பல்லாயிரம் கோடியில் புரளும் ஒற்றைப் பெருமுதலாளிக்கு அது கைச்செலவு.

மாணவர்களின் நிலை வேறு. படிப்புக்காக 2023-24இல் சுமார் 350 கோடி டாலர் வெளியே போயிருக்கிறது. வீட்டை அடகு வைத்து மகளை வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் அரசு ஊழியர் மூலதனத்தைக் கடத்துகிறவர் அல்லர். 2022இல் உக்ரைனிலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ இருபதாயிரம் மாணவரில் பெரும்பான்மையோர் மருத்துவம் படிக்கச் சென்றவர்கள். உள்நாட்டுத் தனியார் கல்லூரியின் கட்டணத்தைவிடப் போர்முனை நாட்டின் கட்டணம் மலிவாக இருந்தது. இந்தச் செலவைக் குறைக்க வழி வரம்பு அல்ல; அரசு மருத்துவக் கல்லூரிகள். சிகிச்சைக்காக அனுப்பப்படும் பணத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். இவற்றைத் தனியே பிரித்து, ஆவணத்தின் பேரில் தடையின்றி அனுமதிக்கலாம்.

மற்றபடி எல்ஆர்எஸ் வரம்பு 2013 ஆகஸ்டின் அளவுக்காவது உடனே குறைக்கப்பட வேண்டும். குழந்தைகளின் பெயரில் அனுப்பும் உரிமை நீக்கப்பட வேண்டும். என்ஆர்ஓ கணக்கின் பத்து லட்சம் டாலர் வரம்பு, வாரிசுச் சொத்தின் மீது வரி செலுத்திய பின்னரே என்ற நிபந்தனைக்கு உட்பட வேண்டும். அதற்கு முதலில் வாரிசு வரியும் செல்வ வரியும் திரும்பி வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கூலிப்பணத்தைச் செலவின்றிக் கொண்டுவரும் பொறுப்பை அஞ்சல் துறையும் பொதுத்துறை வங்கிகளும் ஏற்க வேண்டும். மூடப்பட்ட ஓய்வூதியத் திட்டம், கூடுதல் அரசுப் பங்களிப்போடு மீண்டும் திறக்கப்பட வேண்டும். இவற்றில் முதல் கோரிக்கைக்குப் புதிய சட்டமோ நாடாளுமன்றப் பெரும்பான்மையோ தேவையில்லை. 2013 ஆகஸ்ட் 14 அன்று ரிசர்வ் வங்கி அதை ஒரே சுற்றறிக்கையில் செய்து காட்டியது.